கொப்பிக்கு முன்னால் கதை

பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் பின்னேர வேளையில் லயத்து வாசலில் பிள்ளைகள் ஆடும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரு குச்சியின் இரண்டு பக்கமும் சிரட்டையைக் கட்டித் தராசு. உடைந்த கூடையிலோ உரப்பையிலோ இலைதழை. இடுப்பில் கிழிந்த சாக்கைப் படங்காகச் சுற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் சிறுமிகள். கையில் பழைய பீடிக் கட்டுக் காகிதத்தோடு கணக்கப்பிள்ளையாக ஒரு பொடியன். ‘கணக்கப்புள்ள ஐயா, நேத்தும் ரெண்டு கிலோ கழிச்சீங்க, இன்னைக்குமா?’ என்று ஒருத்தி சண்டைக்கு வருவாள். ‘கொழுந்து ஈரம், சும்மா பேசாத’ என்று அவன் அதட்டுவான். அதட்டிக்கொண்டே காகிதத்தில் கோடு கோடாக எதையோ கிறுக்குவான். அதுதான் செக்ரோல்.

அந்தப் பொடியனுக்கு நாலு வயது இருக்கலாம். ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் வாயால் சொன்னது காகிதத்தில் போய் உட்காரும், அப்படி உட்கார்ந்ததை வைத்துத்தான் காசு வரும் என்பது தெரியும். எந்தச் சிரட்டை இறங்குகிறது, எது ஏறுகிறது என்பது தெரியும். வரிசையில் தன் முறை வரும்வரை நிற்கவும், தன் பக்கத்து நியாயத்தை நாலு வார்த்தையில் எடுத்துச் சொல்லவும் அந்தச் சிறுமிகளுக்குத் தெரியும். பாடசாலைக்குத் தயாரான பிள்ளை என்று கல்வித் துறையினர் எதைச் சொல்கிறார்களோ, அதன் பெரும்பகுதி இந்த வாசலிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் காலை அதே பொடியனைச் சீருடை போட்டு, தண்ணீர்ப் போத்தல் மாட்டி, நேர்சரிக்கு அனுப்புகிறோம். அங்கே பக்கம் முழுக்க ‘அ’ எழுதச் சொல்கிறார்கள். விரல் இன்னும் பென்சிலுக்குப் பழகவில்லை. வரவில்லை. ‘இந்தப் புள்ளைக்கு ஏறமாட்டேங்குது’ என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். வாசலில் அத்தனை பேரை அதட்டிய வாய் அங்கே திறக்கவே இல்லை.

ஆசிரியையைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதக் கட்டணத்தில் ஓடும் முன்பள்ளி அது. பெற்றோர் கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள். எழுத்து இல்லாவிட்டால், ‘அங்க வெளையாடத்தான் விடுறாங்க’ என்று சொல்லி அடுத்த மாதம் பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். பெற்றோரின் பயமும் பொய்யல்ல. தாங்கள் ஏழாம், எட்டாம் ஆண்டோடு நின்றவர்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற வாசலைப் பதுளை டவுனில் உள்ள பிள்ளைகள் தாண்டுவதையும் தம் பிள்ளைகள் அதன் முன்னால் நிற்பதையும் பார்த்துப் பார்த்து வளர்ந்த பயம். எவ்வளவு சீக்கிரம் எழுதத் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் அரசாங்கத்தின் பாடத்திட்டமே அப்படி நினைக்கவில்லை. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று கட்டங்களாகப் பிரித்தது. தரம் ஒன்றும் இரண்டும் சேர்ந்த முதல் கட்டத்தில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். எழுத்து வேலை மெல்ல மெல்லக் கூடி, தரம் ஐந்தில்தான் அது மேலோங்கும். தரம் ஒன்றில் சேரும் பிள்ளையை, பாடம் தொடங்குமுன், விளையாட விட்டு, பேச விட்டு, வரைய விட்டு இனங்கண்டுகொள்ளச் சொல்கிறது அந்தத் திட்டம். ஆக, ஆறு வயதுப் பிள்ளையிடம் அரசு கேட்காததை நாலு வயதுப் பிள்ளையிடம் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, நேர்சரியை விட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு வருவோம். மலையகத்தின் முன்பிள்ளைப் பருவக் கதை அங்கேதான் தொடங்கியது. தாயின் கை கொழுந்துக்கு வேண்டும். கையில் பிள்ளை இருந்தால் கொழுந்து வராது. அதனால் பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம். சேலைத் தொட்டில்கள், ஒரு வயதான ஆயா, பால் கரைக்க ஒரு அடுப்பு. தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்ற சட்டக் கடமையும் மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. அது தாயின் வேலைநாளைக் கணக்கில் வைத்து எழுதப்பட்ட கடமை. பிள்ளை என்ன கற்றது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் அப்போது யாருக்கும் இருக்கவில்லை.

1992இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளிடம் போனபோது நலன்புரி வேலைகளுக்கென்று ஒரு நிதியம் அமைந்தது. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று இன்று நாம் அறிவது அதைத்தான். அதன் காலத்தில் பிள்ளைக் காம்பரா, சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஆனது. பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தார்கள். சுவரில் மிருகங்களும் பழங்களும் வந்தன. உயரமும் நிறையும் பதியும் அட்டை வந்தது. 2015இல் உலக வங்கி ஐந்து கோடி டொலர் கடனில் ஒப்புக்கொண்ட முன்பிள்ளைப் பருவத் திட்டம் தோட்டங்களையும் சேர்த்துக்கொண்டது. இவை நல்ல மாற்றங்கள்தான். ஆனால் அடியில் இருக்கும் கணக்கு மாறவில்லை.

ஏனென்றால் இன்றைய ஊவாவில் தோட்டத்தில் பேர் பதிந்த தாய்மார் குறைந்துகொண்டே போகிறார்கள். லயத்தில் குடியிருப்பார், வேலை பண்டாரவளைக் கடையிலோ, கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையிலோ, குவைத்தில் ஒரு வீட்டிலோ இருக்கும். பிள்ளை அம்மாயியிடம். அந்தப் பிள்ளைக்குக் காம்பராவில் இடம் கொடுப்பதா இல்லையா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் ஆளின் மனதைப் பொறுத்தது. பிள்ளைகள் குறைந்தால் காம்பராவை அடுத்த டிவிசனோடு சேர்த்துவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு மலை இறங்கி இன்னொரு மலை ஏற எந்தக் கிழவியால் முடியும்? வேலைக்கணக்கில் தாயின் பேர் இல்லாததால் பிள்ளையின் பேரும் எங்கும் இல்லை.

இனி வருவது கொஞ்சம் கசப்பான கணக்கு. 2016இல் எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டில் இலங்கையில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 17 வீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத் துறையில் மட்டும் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அதற்கு நாம் கொடுக்கும் பதில் திரிபோஷா என்ற சத்துமா. தேவையான பதில்தான். ஆனால் பாதிப் பதில். இதைச் சொல்வதற்கு ஜமைக்காவரை போய்வர வேண்டியிருக்கிறது.

ஜமைக்காவும் வெள்ளைக்காரனின் தோட்ட நாடுதான். அங்கே கரும்பு, இங்கே தேயிலை. தலைநகர் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் 1986, 87ஆம் ஆண்டுகளில் சாலி கிரந்தம்-மக்கிரெகர் என்ற ஆய்வாளரின் குழு ஒரு வேலை செய்தது. ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட, வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளைத் தேர்ந்து நாலு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சத்துணவு. ஒரு பிரிவுக்கு விளையாட்டு. ஒரு பிரிவுக்கு இரண்டும். நாலாவது பிரிவுக்கு இந்த இரண்டும் இல்லை.

விளையாட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படித்த ஆசிரியர்கள் யாரும் வரவில்லை. அந்தப் பகுதியிலேயே சாதாரண சுகாதார ஊழியர்களாக வேலை பார்த்த பெண்கள் வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணித்தியாலம், வீட்டுக்குப் போனார்கள். போத்தல் மூடி, வெற்றுப் பெட்டி, துணித்துண்டு என்று வீசும் பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்களை எடுத்துப்போனார்கள். தாயை உட்கார வைத்து, பிள்ளையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, ஒன்றைச் சரியாகச் செய்தால் எப்படி மெச்சுவது என்று செய்து காட்டினார்கள். சாமான்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறு கொண்டுவந்தார்கள். இரண்டு வருடம் இப்படி நடந்தது.

இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். முடிவு 2014இல் வெளியானது. விளையாட்டுப் பெற்றவர்களின் சம்பாத்தியம் பெறாதவர்களைவிட 25 வீதம் கூட. வளர்ச்சி குன்றாத பிள்ளைகளின் அளவை எட்டிப் பிடித்திருந்தார்கள். சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படி ஒரு மாற்றம் சம்பாத்தியத்தில் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பசித்த பிள்ளைக்குக் கதை சொல்லச் சொல்லும் அளவுக்கு நான் இரக்கமற்றவன் அல்ல. திரிபோஷாப் பைக்கற்றைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று கையெழுத்துப் போட முடியாது, அவ்வளவுதான்.

உலகத்தில் நல்ல முன்பள்ளி யோசனைகள் பலவும் கூலிக்காரர் குடியிருப்பில்தான் பிறந்தன என்பதை நம் மேல்தட்டு மொண்டிசோரிகள் மறந்துவிட்டன. மரியா மொண்டிசோரி 1907 ஜனவரியில் ரோமாபுரியின் சான் லொரென்சோவில் தொடங்கிய முதல் பிள்ளைவீடு, அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போன பிறகு மாடிப்படிகளில் தனியே ஓடித் திரிந்த பிள்ளைகளுக்கானது. 1969இல் டில்லியில் மீரா மகாதேவன், கட்டட வேலைத்தலத்தில் மண்ணில் கிடந்த குழந்தைகளைப் பார்த்துத் தொடங்கியதுதான் நடமாடும் காப்பகங்கள். குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா ‘பகல் கனவு’ என்று ஒரு நூல் எழுதினார், தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் முதல் நாள் வகுப்பை அமைதிப்படுத்த மௌன விளையாட்டு நடத்திப் பார்த்துத் தோற்கிறார். பிறகு கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அவர் கைக்கு வருகிறது. நம் கல்வி வலயங்கள் அந்த மெல்லிய புத்தகத்தை ஆளுக்கொரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம்.

இனி நம் இடத்துக்கு வருவோம். ஊவாத் தோட்டம் ஒன்றில் கதையும் விளையாட்டுமாக இப்படி ஒரு கதை வட்டம் எப்படி நடக்கும்?

முதலில் நேரம். காலையில் பெரட்டு, பிறகு மலை. தாய்மார் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். தண்ணீர், அடுப்பு, துணி என்று இன்னொரு வேலைநாள் தொடங்கும். ஆகவே தாயை எதிர்பார்த்துக் கூட்டம் வைத்தால் கதிரைகள்தான் வரும். வார நாளில் பிற்பகல் இரண்டரையிலிருந்து மூன்றரைவரை, காம்பராப் பிள்ளைகள் தூங்கி எழும் நேரத்தில், காம்பராவில் பேர் இல்லாத பிள்ளைகளும் அவர்களை வளர்க்கும் பாட்டிமாரும் வந்து உட்காரட்டும். தாய் தகப்பன்மாருக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம். தகப்பன்மாரையும் சேர்த்தே சொல்கிறேன். காமன் கூத்தில் விடிய விடிய ஆடத் தெரிந்த, பொன்னர் சங்கர் கதையைப் பாட்டும் வசனமுமாக ஒப்புவிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கும் தோட்டத்தில் கதைசொல்லிக்கு எங்கே பஞ்சம்? தப்பை ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளைகள் தாமே வந்துவிடும்.

இரண்டாவது, ஆள். ஆயாம்மா இருக்கிறார். அவரோடு உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் எந்தத் தோட்டத்திலும் இரண்டு பேராவது இருப்பார்கள். முக்கியமானவர்கள் பென்சனுக்குப் போன கொழுந்துக்காரிகள். நாற்பது வருடம் மலையில் நின்றவர்களுக்குக் குளவிக் கதை தெரியும், சிறுத்தை வந்த ராத்திரி தெரியும், மழைக்காலத்து அட்டைக்குச் சவுக்காரம் தடவிய கதை தெரியும். தாலாட்டு தெரியும், சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டியது போன்ற பாட்டுகளில் மிச்சம் இருப்பது இவர்கள் தொண்டையில்தான். இவர்களுக்கு வெற்றிலைக் காசாக இல்லாமல் முறையான கொடுப்பனவு கொடுக்கவேண்டும். கிழவிகள் சும்மா இருக்கிறார்கள், இலவசமாகச் செய்வார்கள் என்று திட்டம் போடுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மலையகத்தில் பெண்களின் இலவச உழைப்பை நம்பி எழுதப்பட்ட திட்டங்கள் போதும்.

மூன்றாவது, கதை. தெமோதரையில் ரயில் வளைந்து இறங்கி, ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. இதைவிட ஒரு நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன மாயக் கதை வேண்டும்? தரையில் கரிக்கட்டியால் வட்டம் போட்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ரயிலாக ஓடி, நடுவில் இரண்டு பிள்ளைகள் கை கோத்துச் சுரங்கமாக நின்றால், ‘மேலே, கீழே, உள்ளே, வெளியே, முன்னே, பின்னே’ அத்தனையும் உடம்பிலேயே படிந்துவிடும். நமுனுகுலை மலை மூடுபனிக்குள் காணாமல் போவதையும் திரும்பி வருவதையும் வைத்து ஒளித்து விளையாடலாம். இந்தக் கதைகள் படப்புத்தகமாக நம்மிடம் இல்லை. இந்த மாவட்டத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் முதற்கொண்டு பெரியவர்களுக்கான கதை எழுதியவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். லயத்துப் பிள்ளை தன் லயத்தைப் படத்தில் பார்க்கும் புத்தகம் தேடினால்தான் கிடைக்கும். ரூம் டு ரீட் அமைப்பு இலங்கையில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கவும் தடையில்லை. ஆரம்பத்துக்கு இவை போதும். அடுத்த வருடம் பாட்டி சொன்னதைப் பெண்பிள்ளை எழுத, பிள்ளைகள் படம் வரைய, தோட்டத்துக்கு ஒரு புத்தகமாவது தைத்துவிடலாம்.

எந்தப் பேச்சில் சொல்வது என்று கேட்பார்கள். பாட்டி பேசும் பேச்சில்தான். ‘அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்லு’ என்று மூன்று வயதுப் பிள்ளையின் தோட்டத்துப் பேச்சைத் திருத்தத் தொடங்கினால், அது திருந்தாது; வாயை மூடிக்கொள்ளும். தரம் ஒன்றில் மாதக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் சிலர் இப்படி ஊமையானவர்கள்தான். பாடப்புத்தகத் தமிழ் பின்னால் வந்து சேரும், அவசரமில்லை.

சிங்களம்? பதுளையில் இது தள்ளிவைக்க முடியாத கேள்வி. தமிழ் முன்பள்ளி கிட்டத்தில் இல்லாததாலும், நாளைக்கு வேலை கிடைக்கவேண்டுமே என்பதாலும் பலர் சிங்கள மொழி முன்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறார்கள். அவர்களைத் தமிழ்த் துரோகி என்று மேடையில் திட்டுகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்காமல் விடுகிறேன். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையோடு சேர்ந்து இரண்டு சிங்களப் பாட்டுப் பாடி ஆடினால் பிள்ளைக்கு நட்டம் எதுவும் இல்லை; லாபம்தான். ஆனால் காரண காரியம் கேட்க, பயத்தைச் சொல்ல, பொய்க்கதை கட்ட ஒரு மொழி முதலில் உறுதியாக வேண்டும். வீட்டில் யாரும் பேசாத ஒன்றில் மூன்று வயதில் அதைக் கட்டுவது கஷ்டம்.

கைபேசியைப் பற்றியும் சொல்லவேண்டும். அழும் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கீரை ஆயும் பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில், வெளியே மழை பெய்யும்போது, ஓடுகிற பிள்ளையை அவர் எங்கே வைத்து விளையாட விடுவார்? ஆனால் அதே போனில் இன்னொரு வழியும் இருக்கிறது. குவைத்தில் இருக்கும் தாய் வாரம் ஒரு கதையை வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பட்டும். கதை வட்டத்தில் அதை எல்லாப் பிள்ளைகளும் கேட்கட்டும். ‘இது எங்கம்மா’ என்று ஒரு பிள்ளை நெஞ்சை நிமிர்த்தும் நாள் அதற்குக் கிடைக்கும்.

நாலாவது, இடம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிக் காலையில் மீரியபெத்தை லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாவட்டம் இது. பிள்ளைகளை உட்கார வைக்கும் கட்டடம் எது என்று முடிவெடுக்கும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகத்தின் அபாய வரைபடத்தைப் பார்க்கவேண்டும். பார்க்காமல் பெயின்ட் அடிக்கக் கூடாது.

கடைசியாக, யார் செய்வது? இங்கேதான் சிக்கல். காம்பரா கம்பனிக்கும் நிதியத்துக்கும் உரியது. முன்பள்ளிகளின் மேற்பார்வை பதின்மூன்றாவது திருத்தத்தின்படி மாகாணத்துக்கு. தரம் ஒன்று கல்வி வலயத்துக்கு. நிறை அட்டை சுகாதாரத் திணைக்களத்துக்கு. ஒரே பிள்ளை நாலு கந்தோருக்குச் சொந்தம். ஆகவே எந்தக் கந்தோரும் அதைத் தேடுவதில்லை. இவற்றில் எதையும் புதிதாகக் கேட்டு அலைவதைவிட, மக்களுக்குக் கிட்ட இருக்கும் பிரதேச சபையைப் பிடிப்பது புத்தி என்பது என் கட்சி. தோட்டத்துக்குள் காசு செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று கால காலமாகக் கையை விரித்தவர்கள் அவர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் அந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. நூலகமும் விளையாட்டு இடமும் பிரதேச சபையின் வழக்கமான வேலைகள்தான். ஒரு பெட்டி புத்தகமும் ஒரு பெரிய பாயும் டிவிசனிலிருந்து டிவிசனுக்குச் சுற்றுவதற்கு மாகாண சபைத் தேர்தல்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2025 மே மாதத் தேர்தலில் தெரிவான உறுப்பினர்கள் பசறை, ஹாலிஎல, ஹல்துமுல்லை சபைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்து வாக்கில் வந்தவர்களும் அவர்களில் உண்டு. அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டம் மேசைக்கு வரும்போது அவர்கள் கேட்கவேண்டியது கட்டடத்தை அல்ல. திறந்து வைக்கவும் பெயர்ப்பலகை மாட்டவும் வசதி இருப்பதால் கட்டடம் எப்படியும் வந்துவிடும். ஆயாம்மாவுக்கும் கதை சொல்லும் கிழவிக்கும் அந்தப் பிற்பகல் ஒரு மணித்தியாலத்துக்குக் கொடுப்பனவு வேண்டும். அதற்கு நாடா வெட்ட முடியாது என்பதால், யாராவது எழுந்து நின்று கேட்டால்தான் அது நிகழ்ச்சிநிரலில் ஏறும்.